இருவர் நின்று நடத்திய வகுப்பு

மேடையில் இருக்கும் போதகர் ஐயா அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, பெர்செபா ஊரின் பெரியோர்களே, அழுது ஓய்ந்திருக்கும் என் சகோதரிகளே!

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மணி இரண்டு தாண்டிவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். விடிந்ததும் நடக்கும் இரங்கல் கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. யாராவது இதை உரக்க வாசித்துவிடுங்கள்.

நம் ஆசிரியை தோரதியா ஹான்ஸெ அம்மையார் போய்விட்டார். எப்படி நம்புவது? போன வியாழக்கிழமை கரும்பலகை துடைத்த கை ஞாயிற்றுக்கிழமை குளிர்ந்துவிட்டது என்றால், எப்படி நம்புவது?

நம் நாமா மொழியில் 'நான்' என்று ஒருவருக்கு ஒரு சொல், 'நாங்கள் இரண்டு பேரும்' என்று இருவருக்கே தனியாக ஒரு சொல், 'நாங்கள் எல்லோரும்' என்று கூட்டத்துக்கு ஒரு சொல். கல்லூரியில் நான் இதைக் கட்டம் போட்டு மனப்பாடம் செய்தேன். அம்மையார் ஒருநாளும் கட்டம் போட்டதில்லை. தெருவில் போகிற இருவரைப் பிடித்து வந்து வகுப்பின் முன் நிறுத்துவார். "பேசுங்க" என்பார். அவ்வளவுதான் பாடம்!

ஒருமுறை சிக்கியவர்கள் சோஃபினாவும் கிரீத்தாவும். ஓர் ஆட்டுக்காக இரண்டு வருடமாக முகம் பார்க்காதவர்கள்!

"இவகூட சேந்து 'நாங்க ரெண்டு பேரும்'னு நான் சொல்லணுமா டீச்சர்? புருக்காரோஸ் மலை எந்திரிச்சு நடந்தாலும் சொல்ல மாட்டேன்!" என்றாள் கிரீத்தா.

"சொல்ல வேணாம்டி. சண்டை போடுங்க."

"பிள்ளைங்க முன்னாடியா?"

"அவங்களுக்காகத்தான்."

போட்டார்களே! சூடான சட்டியில் விழுந்த சோளம்போல் நம் மொழியின் நாக்குச் சொடுக்குகள் பொரிந்தன. கால்மணி நேரம் கழித்துக் கிரீத்தாவே சோஃபினாவின் தோளைத் தட்டினாள். "நம்ம ரெண்டு பேரையும் பாத்து இந்தப் பொடிசுங்க சிரிக்குதுங்கடி!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். எந்தப் புத்தகம் இதைச் சொல்லித்தரும்?

முப்பது பிள்ளைகள் ஒன்றாகச் சொடுக்குப் பழக, வாசலில் நின்ற கழுதைகள் தங்களை ஓட்டுவதாக நினைத்து வண்டியோடு கிளம்பினவே, நினைவிருக்கிறதா? போதகர் ஐயா, அது உங்கள் வண்டி! மூச்சிரைக்கத் துரத்திப் பிடித்து வந்தவர் அம்மையார்தான்.

ஒரு வருடமாக வியாழன்தோறும் அவர் பக்கத்தில் நின்ற இரண்டாவது ஆள் நான். கடைசி வியாழன் நான் போகவில்லை.

"குழந்தைக்கு உடம்பு சுடுது டீச்சர்."

"பிள்ளையப் பாரு ஜூலினே. நானே ரெண்டு ஆளா நின்னுக்கறேன்" என்று சிரித்தார்.

இடப்பக்கம் நின்று ஒரு குரல், வலப்பக்கம் ஓடி வந்து ஒரு குரல். ஒரு மணி நேரம் அப்படியே நடத்தினாராம். மூச்சு வாங்கியதாம். அதையும் விளையாட்டென்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்களாம். நான் போயிருந்தால் ஒருவேளை... அதை எழுதக் கை வரவில்லை.

வரும் திங்கட்கிழமைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் அந்த நாமா வகுப்பு நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் தலைமையாசிரியர். அவரைக் குறை சொல்லவில்லை, மேலிடத்து உத்தரவு. ஆனால் விட்டுவிடலாமா? அம்மையார் நின்ற இடம் வெறுமையாய்க் கிடக்கலாமா? விட மாட்டோம்! மகளை முதுகில் கட்டிக்கொண்டாவது நான் வந்து நிற்பேன். இது நான் அவருக்குத் தரும் வாக்கு.

ஆனால் நான் ஒருத்திதானே! அவரைப்போல் தனியாக இரண்டு ஆளாக நிற்க எனக்குத் தெம்பு இல்லை. யாரும் இனி அப்படி நிற்கவும் வேண்டாம். என் பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும். படித்திருக்க வேண்டாம். வாய் நிறைய நாமா பேசினால் போதும். வருவது யார் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.