காதில் சொல்லும் சொல்

– அதெல்லாம் இருக்கட்டும்கா. என் வகுப்புல படிக்கற அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட என்ன சொன்னே? அதை மட்டும் சொல்லு.

– அவ கேட்டா, சொன்னேன். நீ அவளுக்குக் கத்துக்கொடுத்த சொல்லு நம்ம பாஷையே இல்லேன்னு.

– கூடப்பிறந்தவ பேசற பேச்சா இது? என்கிட்ட நம்ம பாஷை படிக்கறது பதினோரு பேரு, பதினோரு ஊரு! ஒருத்தர் லாரியை ஓரங்கட்டிட்டுப் படிப்பாரு. அவ எல்லார்கிட்டயும் சொல்லிட்டா போல, இன்னிக்கு வகுப்புக்குப் போனைத் திறந்தா ஒரு முகம் இல்ல. ஒரு மணி நேரம் என் மூஞ்சியை நானே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

– நல்லா வேணும். இந்தப் பாஷை பேச மிச்சம் இருக்கறதே நாம ரெண்டு பேரும் நாலு கிழடுகளும். சாகக் கிடக்கற அப்பன் காதுல சொல்ற வார்த்தைடி அது! அதுலயா உன் கைவரிசையைக் காட்டுவே?

– அவ அழுதுட்டே கேட்டாக்கா. "அப்பாவுக்கு இன்னிக்கோ நாளைக்கோ, என்ன சொல்லி அனுப்பணும் டீச்சர்"னு. எல்லாரும் நோட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு என்னையே பாக்கறாங்க. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. ரெண்டு சொல்லை ஒட்டவெச்சுச் சொல்லிட்டேன்.

– அந்த மனுஷன் பிறந்ததுலேர்ந்து நம்ம பாஷை பேசினவரு. "என்னம்மா சொல்றே, புரியலையே"ன்னாராம். அதோட மூச்சு நின்னுபோச்சு. பத்து நாளா அவ தூங்கல.

– ஐயோ... அதை முதல்ல என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? நானே அவ கால்ல விழுந்திருப்பேனே. உன்னை நம்பித்தானேக்கா வகுப்பையே ஆரம்பிச்சேன். நீயே என் காலை வாரிவிட்டுட்டியே!

– உனக்கு ஏன் தெரியாமப் போச்சு, அதைச் சொல்லு. உயிர் போற இடத்துல மட்டும்தான் அதைச் சொல்வாங்க. பக்கத்துல நின்னு கேட்டாத்தான் உண்டு. அம்மா போனப்போ பெரிய மனுஷி நீ எங்கே இருந்தே?

– லீவு கிடைக்கலக்கா. இன்னும் எத்தனை வருஷம் இதையே சொல்லிக் குத்துவே?

– குத்தத்தான் செய்வேன். நான் ஒருத்திதான் நின்னேன்.

– சரி, நான் பாவிதான். இப்பவாவது அந்த வார்த்தையைச் சொல்லு. அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு சரியானதைச் சொல்றேன். அப்பா படத்துக்கிட்டயாவது சொல்லிக்கட்டும்.

– அதெல்லாம் போன்ல சொல்றதில்ல.

– அப்போ நேர்ல வரேன். இப்பவே கிளம்பறேன்.

– வேண்டாம்.

– ஏன்? நான் வரக்கூடாதா?

– வந்து என்னடி பண்ணப்போறே? நம்ம வீட்டுல அது அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அம்மா காதுல நானும் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்.