நாலு எட்டுத் தள்ளி

வேணுகோபால் அண்ணாச்சி எனக்குத் தர வேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். நாளுக்கு நாற்பது வீதம் நாற்பத்தாறு நாள் கூலி. இதை முதலில் எழுதிவிடுகிறேன் ஐயா. எல்லாரும் சங்கிலியிலிருந்துதான் பேச்சை எடுப்பார்கள். சங்கிலி பின்னால் வந்தது. பாக்கிதான் முந்தியது.

நீ சொல்லு, ஏட்டையா எழுதிக்கொள்வார் என்றீர்கள். நான்தான் தாள் கேட்டு வாங்கினேன். என் எழுத்து கோணலாக இருக்கும், ஆனால் விளங்கும். நாற்பத்தோரு வயதில் படித்த எழுத்து.

அண்ணாச்சியிடம் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற மிசின் ஒன்று இருந்தது. நீளமான கம்பு, நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டு, மேலே கைப்பிடிப் பக்கம் ஒரு சின்னப் பெட்டி. வட்டை மண்ணுக்கு மேலே ஆட்டிக்கொண்டே நடந்தால், கீழே உலோகம் இருக்கிற இடத்தில் கத்தும். கப்பலில் வேலை பார்த்த அவர் மச்சினன் கொண்டுவந்து கொடுத்தது. எங்கள் கரிசலில் அதற்கு நல்ல வேலை உண்டு. மாசி பிறந்தால் நிலம் வெடித்துவிடும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். பருத்தி எடுக்கிற பொம்பளைகளின் மூக்குத்தி, மோதிரம், எது விழுந்தாலும் உள்ளே போய்விடும். ஒரு மழை பெய்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும். அப்புறம் அதை மறந்துவிட வேண்டியதுதான். மிசின் வந்த பிறகு மறக்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. கயத்தாறு, கழுகுமலைப் பக்கமிருந்தெல்லாம் ஆள் வந்து கூப்பிடுவார்கள்.

அவர் மிசினைப் பிடிப்பார். மற்றதெல்லாம் நான்.

என் பையை நீங்கள் பார்த்தீர்கள். உரச்சாக்கைக் கிழித்து, கோணி ஊசியால் நானே தைத்தது. ஆறு அறை. வலது ஓரம் குட்டைக் கடப்பாரை. இடது ஓரம் களைக்கொட்டு இரண்டு. நடுவில் மம்பட்டி, கட்டி உடைக்கிற கட்டை. அதற்கு முன்னால் சல்லடை. பேட்டரிக்கட்டை ஈரம் படாமல் தனி அறையில். முதுகுப் பக்கம் கயிறும், கிணற்றில் விழுந்த வாளியைக் கொக்கி போட்டு எடுக்கிற பாதாளக்கரண்டியும். அண்ணாச்சி கேட்டு வாய் மூடுவதற்குள் சாமான் அவர் கையில் இருக்கும். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பேன். அதில் மட்டும் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

இடுப்பில் இரண்டு சின்னப் பை கட்டியிருப்பேன். ஒன்று நல்ல பை. கிடைத்த நகை அதில் போகும், அதற்கு அண்ணாச்சி பொறுப்பு. மற்றது குப்பைப் பை. ஆணி, லாடம், சோடா மூடி, உடைந்த ஏர்க்கொழு எல்லாம் அதில். குப்பைப் பையில் விழுவது சுமக்கிறவனுக்கு என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். அதைக் கோவில்பட்டியில் பழைய இரும்புக் கடையில் போட்டு டீச் செலவுக்கு வைத்துக்கொள்வேன். அண்ணாச்சி ஒருநாளும் அதற்குள் கை விட்டுப் பார்த்ததில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. மிசினுக்கு நம் இரும்பு, மண்ணுக்குள் இருக்கிற இரும்பு என்ற பேதம் தெரியாது. கடப்பாரை பக்கத்தில் வந்தாலும் கத்தும். அதனால் சாமான் சுமக்கிறவன் நாலு எட்டுத் தள்ளித்தான் நிற்க வேண்டும். மிசின் கத்தியதும் அண்ணாச்சி விலகிப் போய்விடுவார். நான் போய்த் தோண்டி, அகப்பட்டதைப் பையில் போட்டு, மறுபடி நாலு எட்டு விலகுவேன். அவர் வந்து குழியின் மேல் வட்டை ஆட்டிப் பார்ப்பார். சத்தம் இல்லையென்றால் அடுத்த இடம். குழிக்கு முன்னால் குனிகிறவன் நான் ஒருவன் மட்டுமே.

கூலியை முதல் இரண்டு மாதம் ஒழுங்காகக் கொடுத்தார். பிறகு, சேர்த்துத் தாரேன் என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது செல்வமாரிதான் சொன்னாள்.

செல்வமாரி எங்கள் தெருப் பிள்ளை. உறவில்லை, ஆனால் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அறிவொளி வகுப்பு நடந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. சாயங்காலம் எங்களைச் சாவடியில் உட்கார்த்தி எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். என் ‘ழ’வைப் பார்த்துவிட்டு, “சித்தப்பா, இதுக்கு வாலு எங்க? உங்க ஆட்டுக்குட்டி தின்னுட்டா?” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். வகுப்பு முடிந்து பல வருசம் கழித்தும் என் எழுத்தைப் பார்த்தால் திருத்துவாள். கூலிப் பாக்கியைச் சொன்னபோது ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுவந்து தந்தாள்.

“தேதி போட்டு எழுதுங்க சித்தப்பா. எழுதி வச்சாத்தான் நாளைக்கு நின்னு கேக்க முடியும்.”

எழுதினேன். நாற்பத்தாறு நாள் எழுதினேன். பிறகு நோட்டைக் கொண்டுபோய் அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் டீக்கடையில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார். வாங்கிப் புரட்டினார்.

“ஏலே, எழுதத் தெரிஞ்சதும் வக்கீலாயிட்டியோ? நோட்டப் பாத்தா சம்மன் கணக்கால்லா இருக்கு” என்றார்.

கடையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இது 2001ஆம் வருசம் மாசி மாதம். அடுத்த வாரம் பூவனநாதன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர் சம்சாரம் உமாதேவி பருத்திக் காட்டுக்குப் போயிருந்தபோது மூன்று பவுன் சங்கிலி காணாமல் போய்விட்டது. அன்றைக்குப் பருத்தி எடுத்தவர்கள் பதினொரு பேர். அதில் செல்வமாரியும் ஒருத்தி. பொதியைத் தூக்கிவிடும்போது உமாதேவிக்குப் பக்கத்தில் நின்றது அவள்தான். அவளுக்கு வைகாசியில் கல்யாணம் பேசியிருந்தது, மாப்பிள்ளை புதியம்புத்தூரில் தையல் வேலை. நகை இன்னும் சேரவில்லை என்று ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதலில் மிசின் பார்க்கட்டும், பிறகு பேசுவோம் என்று பூவனநாதன் சொல்லிவிட்டார்.

மூன்று ஏக்கர். இரண்டு நாள் பார்த்தோம். முதல் நாள் ஆணியும் மூடியும். இரண்டாம் நாள், வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரம், கிழக்கு வரப்பு உடைமரத்துக்குப் பக்கத்தில் மிசின் கத்தியது. அண்ணாச்சி விலகிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடி பற்றவைத்தார். நான் வெடிப்பை ஒட்டித் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் ஒரு கட்டி வந்தது. கையால் நொறுக்கினேன். உள்ளே மஞ்சளாக ஒரு கண்ணி தெரிந்தது.

“என்னலே?” என்றார் அண்ணாச்சி, திரும்பாமலே.

“லாடம் அண்ணாச்சி” என்றேன்.

யோசித்துச் செய்தாயா என்று கேட்டீர்கள். பீடி பற்றவைக்கிற நேரத்துக்குள் எவ்வளவு யோசிக்க முடியுமோ அவ்வளவு யோசித்தேன். நல்ல பையில் போட்டால் பூவனநாதன் அண்ணாச்சிக்குப் பணம் கொடுப்பார், அண்ணாச்சி எனக்கு இன்னொரு நாள் கூலியை வாயால் கொடுப்பார். நோட்டில் நாற்பத்தேழு ஆகும். குப்பைப் பை என்னுடையது. கட்டியோடு அதில் போட்டேன். நாலு எட்டு விலகினேன். அவர் வந்து குழியைப் பார்த்தார். மிசின் பேசவில்லை.

நான் அதை விற்க நினைக்கவில்லை. என் பாக்கி வரும்வரை என் கையில் ஈடாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வட்டிக்கடையில் நடப்பதுதானே. பணம் வந்ததும் கிடைத்தது என்று சொல்லிக் கொடுத்துவிடுவதாக இருந்தேன்.

சாயங்காலம் காடு முழுக்கப் பார்த்தாயிற்று. சங்கிலி மண்ணில் இல்லை என்றால் மனுசரிடம்தான் இருக்க வேண்டும் என்று உமாதேவி சொன்னாள். பதினொரு பேரையும் களத்துமேட்டுக்கு வரச் சொன்னார்கள். ஊரும் வந்தது.

“மிசின அவ மேல காட்டுங்க அண்ணாச்சி” என்றார் பூவனநாதன். யார் மேல் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

செல்வமாரி நடுவில் வந்து நின்றாள். “தாராளமாக் காட்டுங்க” என்றாள். வட்டு இடுப்புக்கு நேரே வந்ததும் மிசின் கத்தியது. வீட்டுச் சாவியை எடுத்துக் கீழே போட்டாள். மறுபடி கத்தியது. சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். தலையில் இருந்த கொண்டை ஊசி, காதில் கிடந்த பொட்டுக்கம்மல், ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாள். மிசின் நிற்கவில்லை. இளவட்டங்கள் சிரித்தார்கள். “முழுங்கிட்டாளோ என்னமோ” என்று ஒருத்தன் சொன்னான்.

கூட்டம் நெருக்கித் தள்ளியதில் நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் நின்றுகொண்டிருந்தேன். தோளில் பை. பையில் கடப்பாரை, மம்பட்டி, களைக்கொட்டு. இடுப்பில் குப்பைப் பை. மிசின் எதைப் பார்த்துக் கத்துகிறது என்று அந்தக் களத்துமேட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நாலு எட்டுத் தள்ளி நின்றிருக்கலாம். இடம் இருந்தது. விலகினால் சத்தம் நிற்கும், சத்தம் நின்றால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் நின்ற இடத்தில் நின்றேன்.

அவளை மாட்டுத் தொழுவத்துக்குள் கூட்டிப்போய்ப் பொம்பளைகள் சேலையை அவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. வெளியே வந்தவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மிசின் பொய் சொல்லாது என்று ஊர் சொல்லியது.

திரும்பி வரும்போது அண்ணாச்சி கேட்டார். “நீ பக்கத்துல வந்து நின்னியாலே?”

“இல்ல அண்ணாச்சி. நாலு எட்டு தள்ளித்தான் நின்னேன்.”

அவர் மேலே கேட்கவில்லை.

மறுநாள் செல்வமாரி என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“சித்தப்பா, கேக்கேன்னு கோவிக்காதீங்க. எல்லாக் குழியும் நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன் தாயி.”

“அந்த உடமரத்துப் பக்கம்? அங்கனதான் பொதியத் தூக்கிவிட்டோம்.”

“அங்கனயும் பாத்தேன். லாடம்தான்.”

“நீங்க பாத்தாச் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். சங்கிலி அப்போது வீட்டுக்குள் தீப்பெட்டியில் இருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரம்தான்.

மூன்றாம் நாள் புதியம்புத்தூர்க்காரர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் காலையில் வடக்குக் கிணற்றுப் பக்கம் ஆடு பத்திப் போனவர்கள் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஊரில் பாதாளக்கரண்டி என்னிடம்தான் இருக்கிறது. பையில் கை விட்டதும் கிடைத்தது, தேடவில்லை. நான்தான் இறக்கினேன். இரண்டாவது வீச்சில் முந்தானையில் மாட்டியது. மெதுவாக இழுக்கச் சொல்லிச் சொல்லி, கல்லில் இடிக்காமல் மேலே கொண்டுவந்தோம். அவள் மேல் ஒரு ஊக்குகூட இல்லை. சாவி, ஊக்கு, கொண்டை ஊசி, கம்மல் எல்லாவற்றையும் கழற்றி, ஒரு துணியில் முடிந்து, கிணற்று மேட்டில் ஊரார் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தாள்.

கயிறைக் காயவைத்து, சுருட்டி, கரண்டியைக் கழுவி, முதுகுப் பக்கத்து அறையில் வைத்தேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றீர்கள். அப்போதும் பாக்கி வரவில்லை ஐயா. அண்ணாச்சி அதற்குப் பிறகு ரொம்ப நாள் மிசினைத் தொடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. கேட்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். செல்வமாரியின் அம்மாவை எந்தக் காட்டிலும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்தம்மாள் ஊரை விட்டே போய்விட்டாள். நான் கிடைத்த கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சங்கிலியைத் தொடவில்லை. என் சம்சாரத்துக்கு வயிற்றில் ஆபரேசன் என்றபோதுகூட ஆட்டைத்தான் விற்றேன். அடுத்தவர் பொருள் அது.

ஆறு வருசம் போனது. போன செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி மிசினை விற்றுவிட்டார். என்னை வரச் சொல்லி இரண்டாயிரம் ரூபாயைக் கையில் வைத்தார். “மிச்சத்த வச்சுக்கோலே, ரொம்ப நாளாயிட்டு” என்றார். எனக்குச் சேராத காசு எனக்கு எதற்கு? நூற்று அறுபதை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தில் குறுக்காகக் கோடு போட்டேன். பாக்கி தீர்ந்த பிறகு ஈடு என்னிடம் இருக்கக் கூடாது. அதனால் புதன்கிழமை முதல் பஸ் பிடித்து உங்களிடம் வந்தேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சங்கிலி உங்கள் மேசை மேல் தீப்பெட்டியில் இருக்கிறது. எடை போட்டுப் பாருங்கள், ஒரு குன்றிமணி குறையாது. திருட்டு என்று மட்டும் எழுதாதீர்கள். திருடியவன் ஆறு வருசம் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பானா?

செல்வமாரிக்கு என்ன பதில் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நோட்டை முதலிலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டேன். அவள் பேரில் ஒன்றும் இல்லை. அவளும் எனக்குத் தர வேண்டியதில்லை, நானும் அவளுக்குத் தர வேண்டியதில்லை. அந்த வகுப்புக்குக் காசு கிடையாது.

சங்கிலியைப் பெற்றுக்கொண்டதாகவும், சிவனாண்டியாகிய என் பேரில் யாருக்கும் பாக்கி எதுவும் இல்லை என்றும் ஒரு ரசீது போட்டுக் கொடுங்கள். வாசித்துக் காட்ட ஆள் வேண்டாம். எனக்கு வாசிக்கத் தெரியும்.