முதலில் செய்ய வேண்டியது

— ஒரு வரி போதும் சார். ஒரே ஒரு வரி.

— அதான் சொன்னேனே, எழுதிக்கோ. குழாய் வேலை, சாயங்கால வகுப்பு. இந்த வருஷம் நடந்துச்சு. முடிஞ்சுது.

— அது... வந்து... சாதனை இல்லையே சார்.

— நடந்ததே சாதனைதாம்மா. இந்த ரூமைப் பாரு. குழாய் வேலை சொல்லிக்குடுக்கற ரூம். அந்தக் குழாயைத் திற.

— தண்ணி வரலையே சார்.

— வராது. மூணு வருஷமா வரல. அதை எழுது.

— அதை எழுத முடியாது சார்.

— முடியாதுல்ல? அப்ப என்னை விடு. அந்தப் பெரிய ஸ்பேனரை இந்தப் பக்கம் நகர்த்து. ரெண்டு கையால தூக்கு, கால்ல போட்டுக்காதே.

— எதுக்கு சார் எல்லாத்தையும் பெட்டியில அடுக்கறீங்க?

— வருஷக் கடைசி. தூசி தட்டறேன். நீ உன் வேலையைப் பாரு.

— என் வேலையே இதுதான் சார். கல்லூரி ஆண்டறிக்கை இன்னிக்கு அச்சுக்குப் போகணும். தையல் வகுப்பு குடுத்துட்டாங்க. கம்ப்யூட்டர் வகுப்பு படத்தோட குடுத்துட்டாங்க. உங்க பக்கம் மட்டும் வெள்ளையா இருக்கு.

— வெள்ளையாவே விடு. பாக்க சுத்தமா இருக்கும்.

— விளையாடாதீங்க சார். நாளைக்கு நிர்வாகக் குழு உக்காருது. பாதிப் பேருக்கு மேல ஃபெயிலான வகுப்பை மூடிடணும்ங்கறாங்க. உங்க பக்கத்துல ஏதாவது நல்லதாப் படிச்சுட்டு, சரி, இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்னு யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தாத்தான் இந்த வகுப்பு இருக்கும்.

— என்ன தலைப்பு போட்டிருக்கே?

— நான் போடல, முதல்வர் போட்டது. 'ஆண்டுச் சாதனைகளும் சமூகத் தாக்கமும்.'

— தாக்கமா? யாரைத் தாக்குனோம்?

— அப்படி இல்ல சார். நம்ம வகுப்பால வெளியில இருக்கற ஜனங்களுக்கு என்ன நல்லது நடந்துச்சுன்னு...

— நல்லதுன்னே எழுதிட்டுப் போயேன். தாக்கம்னா அடிதடி கேஸ் மாதிரி இல்ல இருக்கு?

— முதல் வரி நானே யோசிச்சு வெச்சிருக்கேன் சார். கேக்கறீங்களா? 'குழாய்ப் பணி மாலை வகுப்பு இவ்வாண்டு எண்ணற்றோர் வாழ்வில் ஒளியேற்றியது.'

— ஒளியேத்தறது எலக்ட்ரிக்கல் வகுப்பும்மா. நம்மளது தண்ணி.

— மாத்திடறேன் சார். வேற ஏதாவது சொல்லுங்க. வெளியில போய் யாருக்காவது வேலை செஞ்சு குடுத்தீங்களா?

— தாக்கம்னு பாத்தா, நூலகத்தைத் தாக்குனோம்.

— அது என்ன சார்?

— பக்கத்துத் தெரு நூலகம். கக்கூஸ் குழாயெல்லாம் காசு வாங்காம மாத்தித் தரோம்னு நம்ம ஆளுங்களைக் கூட்டிட்டுப் போனேன். பஸ் ஓட்டறாரே, அவரு மெயின் வால்வைத் திருகினாரு. திருகினாரு, திருகினாரு, கைப்பிடி கையோட வந்துடுச்சு. பேப்பர் படிக்கற ரூம் பூரா தண்ணி. அங்க உக்காந்திருந்த பெருசுங்க காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்கிட்டு, அப்பவும் படிக்கறதை நிறுத்தல.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, எல்லாரும் ஒரே குரலா, 'சாரைக் கூப்பிடு, சாரைக் கூப்பிடு'ன்னு கத்தறாங்க. நான் வாசல்ல வண்டியில இருந்து சாமான் இறக்கிட்டிருந்தேன். ஓடிப் போய்த் தெரு வால்வை மூடினேன். மிச்ச வேலையெல்லாம் அவங்களேதான். நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். இன்னிவரைக்கும் அங்க ஒரு சொட்டு ஒழுகல.

— சார்! இதைத்தானே இவ்வளவு நேரமாக் கேட்டுட்டிருக்கேன்! தண்ணி நிறைஞ்சதை விட்டுடலாம். பஸ் டிரைவர் படத்தைப் போட்டு, கீழ...

— ஃபெயில்.

— என்ன சார்?

— டிரைவர் ஃபெயில். ஃபெயிலானவர் படத்தைப் போட்டு சாதனைன்னு எழுதுவியா?

— சரி... தாடி வெச்சுக்கிட்டு ஒருத்தர் வருவாரே?

— அவங்க தெருவுல யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடறாங்க. ஃபெயில்.

— அந்த ரெட்டை அக்கா தங்கச்சி?

— ரெட்டை ஃபெயில்.

— கேன்டீன் அக்கா?

— அதைக் கேக்காதே, வயிறு எரியுது. ஒழுகற குழாயைக் கண்ணை மூடிட்டு காதால கேட்டே எங்க கோளாறுன்னு சொல்ற அளவுக்கு அந்தம்மாவைத் தயார் பண்ணேன். பெருமையா நாலு பேர்கிட்ட சொல்லி வேற வெச்சிருந்தேன். இந்த வருஷமும் ஃபெயில்!

— அப்ப யாருதான் சார் பாஸ்?

— கண்ணாடிக்காரர். அவர் ஒருத்தர்தான். மனுஷனுக்குக் குழாய்க்கும் கம்பிக்கும் வித்தியாசம் தெரியாது. சர்ட்டிபிகேட்டை மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு என்ன கேட்டாரு தெரியுமா? 'சார், எங்க வீட்டுக் குழாய் ஒழுகுது, நல்ல ஆளா யாரையாவது அனுப்புங்க'ன்னாரு.

— ஐயோ.

— சிரிக்காதே. என் தலையெழுத்து.

— சிரிக்கல சார்... வந்து... ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது.

— கோச்சுக்கற தெம்பெல்லாம் தீர்ந்துபோச்சு. சொல்லு.

— தேர்வு ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். மத்த கேள்வி எல்லாத்துலயும் எல்லாருக்கும் நல்ல மார்க்காம். ஒரே ஒரு கேள்வியிலதான் போயிருக்கு. அந்தப் பாதுகாப்புக் கேள்வி. அது தப்பானா மத்தது என்ன எழுதியிருந்தாலும் ஃபெயில்தானாம்.

— ஆமா. 'குழாயைக் கழற்றுவதற்கு முன் முதலில் செய்ய வேண்டியது என்ன?' வருஷா வருஷம் அதே கேள்வி, அச்சுப் பிழையைக்கூட மாத்த மாட்டாங்க. மெயின் வால்வை மூடணும். தீர்ந்துது. வகுப்புல முதல் நாள், முதல் வார்த்தை அதைத்தான் சொல்றேன். கதவுல எழுதி மாட்டியிருக்கேன் பாரு. படி.

— 'மெயினை மூடு. வாயையும் மூடு.'

— ரெண்டாவது அந்த ரெட்டைங்களுக்காக.

— அவங்க என்ன பதில் எழுதியிருக்காங்கன்னு தெரியுமா சார்?

— தெரியாம என்ன? முதல்வர் நேத்து என்னை நிக்க வெச்சுப் படிச்சுக் காட்டுனாரே. 'ஆசிரியரைக் கூப்பிட வேண்டும்.' டிரைவரும் அதான், தாடியும் அதான், கேன்டீனம்மாவும் அதான். எழுத்து மாறாம அதே பதில். முதல்வருக்கு சிரிப்பு தாங்கல. 'உங்க மேல ரொம்பப் பாசம் போலிருக்கே'ங்கறாரு.

— கேலிக்கு எழுதியிருப்பாங்கன்னு தோணல சார். நான் கெமிஸ்ட்ரி படிச்சவ. லேப்ல ஆளுக்கு ஒரு மாதிரி தப்பு வந்தா, சரி, கை தவறிடுச்சுன்னு விட்டுடுவோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி தப்பு வந்தா... வந்து...

— வந்து?

— கருவியில கோளாறுன்னு அர்த்தம்.

— சரியாத்தாம்மா சொல்றே. கருவி நான்தானே.

— ஐயையோ, நான் உங்களைச் சொல்லல சார்!

— சொன்னா என்ன இப்ப? ராத்திரி பூரா நானும் சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நின்னேன். விடு. அந்த டேப்பை எடுத்துக் குடு.

— நான் கேள்வித்தாளைத்தான் சார்... அதைத்தான் கருவின்னு...

— டீ! வழி விடுங்க, சூடு! வாத்தியாரே, சர்க்கரை கம்மி. அட, ரிப்போர்ட் பொண்ணும் இங்கதான் இருக்கா? இந்தா கண்ணு, உனக்கும் ஒண்ணு.

— வாங்க கேன்டீனம்மா, வாங்க. உங்களைத்தான் பேசிட்டிருந்தோம். டம்ளரை அங்க வெச்சுட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. குழாயைக் கழட்டறதுக்கு முன்னாடி முதல்ல என்ன செய்யணும்?

— இது ஒரு கேள்வியா? மெயினை மூடணும்.

— பாத்தியா! பாத்தியாம்மா! வாயில வருதுல்ல? கையில ஏன் வரல?

— அது... பரீட்சை ஹால்ல ஒரு படபடப்பு வாத்தியாரே.

— படபடப்பா? கொதிக்கற பால் சட்டியை வெறுங்கையால இறக்கி வெக்கற உங்களுக்கா படபடப்பு?

— டீ ஆறுது.

— ஆறட்டும்!

— அக்கா... வந்து... உங்க எல்லாருக்குமே ஒரே கேள்வியில, ஒரே மாதிரியா படபடப்பு வந்துச்சு?

— பாத்தீங்களா வாத்தியாரே, ஊமை மாதிரி இருந்துட்டு என்ன கேள்வி கேக்குது இது.

— சொல்லுங்கக்கா. இன்னிக்குள்ள ஒரு பக்கம் நிரப்பலன்னா நாளைக்கு வகுப்பை மூடிடுவாங்க.

— மூடறதா? எதுக்கு மூடணும்? ஆளு இருக்கோமே!

— ஆளு இருக்கீங்க. பாஸ்தான் இல்ல.

— பாஸ் இல்லன்னாலும் மூடுவாங்களா? அதை ஏன் கண்ணு எங்ககிட்ட யாரும் சொல்லல?

— இந்த வருஷம் வந்த சட்டம்க்கா.

— அடக் கடவுளே. வாத்தியாரே, நான் ஒண்ணு சொல்றேன், நீங்க கத்தக் கூடாது.

— நான் எப்ப கத்தினேன்!

— இதோ, இப்ப. கண்ணு, முந்தி ஒரு தடவை நோட்டீஸ் ஒட்டினீங்களே, ஆளு குறைஞ்சா சாயங்கால வகுப்பை நிறுத்திடுவோம்னு.

— ஆமா. நான்தான் ஒட்டினேன்.

— அந்த வருஷம் புதுசா சேந்தவங்களை எண்ணினோம். ஒரு கை விரலே மிச்சம். பழைய ஆளுங்களை வெச்சு ஒப்பேத்தலாம்னா, பாஸ் ஆனவங்க திரும்பச் சேர முடியாதாமே. ஃபெயிலானாத்தான் சேரலாமாம்.

— அதனால?

— அதனால என்னத்த, ஃபெயிலானோம்.

— என்னது!

— கத்தக் கூடாதுன்னேன்ல? எல்லாரும் இல்ல வாத்தியாரே. முறை வெச்சிருந்தோம். ஒரு வருஷம் நானும் டிரைவர் அண்ணனும் ஃபெயிலாகி நின்னா, மறு வருஷம் ரெட்டைங்க. வகுப்பு ஓடற அளவுக்கு ஆளு நிக்கணும், மத்தவங்க பாஸாகிப் போயிடணும். ஒழுங்காத்தான் போயிட்டிருந்துச்சு.

— அப்ப இந்த வருஷம் ஏன்க்கா எல்லாரும்?

— அதை ஏன் கேக்கறே, முறை குழம்பிப்போச்சு. பரீட்சைக்கு முன்னாடி கேன்டீன்ல உக்காந்து பேசினோம். தாடிக்காரர் என் முறைங்கறாரு. ரெட்டைங்க போன தடவை எங்களை விடல, இது எங்களுதுங்கறாங்க. டிரைவர் அண்ணன், 'நீங்கல்லாம் வாழ வேண்டியவங்க, போங்க, நான் நிக்கறேன்'ங்கறாரு. முடிவு பண்றதுக்குள்ள மணி அடிச்சுட்டான். சரி, நம்ம நின்னுடுவோம்னு ஆளாளுக்கு எழுதிட்டு வந்துட்டோம். வெளியில வந்து பாத்தா, எல்லார் மூஞ்சியிலயும் அதே திருட்டு முழி.

— கண்ணாடிக்காரர் மட்டும் எப்படி?

— அவரு லேட்டா வந்தாரு, நேரா ஹாலுக்குப் போயிட்டாரு. விஷயமே தெரியாது பாவம். பாஸாயிட்டாரு.

— அறிவு இருக்கா? ஒருத்தருக்காவது அறிவு இருக்கா? அந்தச் சர்ட்டிபிகேட்டை வெச்சு வெளியில எவ்வளவோ பண்ணலாமே!

— பண்றவங்க பாஸாகிப் போனாங்களே வாத்தியாரே, நாங்க என்ன தடுத்தோமா? நிக்கறவங்களுக்கு வேற கணக்கு.

— என்ன பெரிய கணக்கு?

— காலைல கண் முழிச்சதுல இருந்து என்னை எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். இன்னும் ஆகலையா? கேன்டீன்லயும் அதான், வீட்லயும் அதான். நீங்க ஒருத்தர்தான் ஒழுகற குழாயைக் காட்டி, 'ஏன் ஒழுகுதுன்னு நீங்க நெனைக்கறீங்க'ன்னு கேட்டீங்க. கேட்டுட்டு, நான் யோசிச்சுச் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கல.

— அது... எல்லாருகிட்டயும் கேக்கறதுதான்.

— அதனாலதான் எல்லாரும் நிக்கறாங்க.

— அந்தப் பதில் யாரோட யோசனைக்கா? ஆசிரியரைக் கூப்பிடணும்கறது?

— எல்லாரும் சேந்துதான். வேற கேள்வியைத் தப்பா எழுதினா வாத்தியாருக்குக் கேவலம், ஒண்ணுமே சொல்லிக்குடுக்கலன்னு ஆயிடும். இது ஒண்ணுதான் ஒரே போடு. அதுலயும் கண்டதை எழுத மனசு வரல. நூலகத்துல நெசமாவே அதைத்தானே செஞ்சோம்? பொய்யாவும் இருக்கக் கூடாது, சரியாவும் இருக்கக் கூடாது. கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டப்பட்டோம்.

— சார்! போதும் சார், வகுப்பு பிழைச்சுது! மறுதேர்வுக்கு வழி இருக்கு. வகுப்பு ஆசிரியர் கேட்டா வெப்பாங்க, முன்னாடி தையல் வகுப்புக்கு வெச்சாங்க. நூலகத்தை எழுதிட்டு, மறுதேர்வு நடக்கப் போகுதுன்னு கடைசி வரி போட்டுடறேன். நீங்க இப்பவே முதல்வர்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது. அக்கா, எல்லாரும் ஒழுங்கா எழுதுவீங்களா?

— எழுதறோம். முறை வெச்சு நிக்கறவங்க மட்டும் நிக்கறோம்.

— யாரும் நிக்கக் கூடாதுக்கா! ஆள் சேக்கறது என் பொறுப்பு. தெருத் தெருவாப் போய் நோட்டீஸ் குடுக்கறேன். சார், எழுந்திருங்க, போலாம்.

— என்ன வாத்தியாரே, கல்லு மாதிரி உக்காந்துட்டீங்க? கோவம்னா கத்தியாவது தொலைங்க. எதுக்கு இந்தப் பெட்டியெல்லாம் கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கீங்க?

— இத்தனை பேருக்கு ஒரு வால்வை மூடச் சொல்லிக்குடுக்கத் தெரியாதவன் இனிமே இந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னு, காலைலதாம்மா முதல்வர்கிட்ட வேலை வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்.