திருவிழா மலரில் அரைப் பக்கம்

நம் மையத்தின் வெள்ளி விழா மலருக்கு என் பணி அனுபவத்தை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். மலர் என்றால் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. அடுத்த வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறேன், எல்லாச் சாவிகளையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. அதனால் இதையும் ஒப்படைத்துவிடுகிறேன்.

வத்தலக்குண்டு சாலையில் இருக்கும் நம் வேளாண் ஆய்வு மையத்தில் காப்புரிமைப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான்: ராயப்பராஜ், ஒரு மேசை, ஓர் இரும்பு அலமாரி. விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பார்கள். நான் அதற்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்டு, தயாரித்து விற்க முன்வரும் கம்பெனிக்குக் கைமாற்றிக் கொடுப்பேன். எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம். விண்ணப்பம் போடும் முன் விஷயம் எங்காவது அச்சில் வந்துவிட்டால் அது புதியது அல்ல, காப்புரிமை கிடையாது. ஆகவே மாநாட்டில் வாசிக்காதே, கண்காட்சியில் வைக்காதே, மச்சானிடம்கூட வாயைத் திறக்காதே.

இதற்காகத்தான் அறிவுச்செல்வி எனக்குப் பூட்டு சார் என்று பெயர் வைத்தார். தொப்பம்பட்டிக்காரர், ஒப்பந்தத்தில் இருந்த ஆய்வாளர், கெட்டிக்காரர். 2002 ஜூலையில் ஒரு நாள், கேன்டீன் நிறைய ஆள் இருக்கும்போது, "ஏனுங்க பூட்டு சார், டீ குடிக்கவாச்சும் வாயத் தொறப்பீங்களா?" என்று கேட்டார். இயக்குநருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். திண்டுக்கல்லில் பிறந்தவனுக்குப் பூட்டு என்ன கெட்ட வார்த்தையா? அந்த வாரமே கோயிலில் யாரோ சொல்லி என் மனைவி ஐரினுக்கும் தெரிந்துவிட்டது. "பூட்டு சாருக்கு இன்னும் ரெண்டு இட்டிலி வைக்கவா?" என்றாள். அன்று பசி இல்லை, அவ்வளவுதான்.

அந்த வருடக் கடைசியில் அறிவுச்செல்வி ஒரு கரைசலைக் கண்டுபிடித்தார். கற்றாழைச் சாறும் இரண்டு வகை உப்பும் சேர்ந்தது. அதில் முக்கி எடுத்த தக்காளி ஒன்பது நாள் கெடாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வியாபாரி முத்துச்சாமி கேரளா லாரியில் நான்கு பெட்டி ஏற்றி அனுப்பிப் பார்த்தார். போனபடியே திரும்பி வந்தது, ஒன்றுகூட நசுங்கவில்லை. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று, காப்புரிமைக்கு விண்ணப்பித்த மறுநாளே ஒப்பந்தம் போடத் தயாராக இருந்தது. அது நடந்தால் அறிவுச்செல்விக்கு நிரந்தர வேலை. நடக்காவிட்டால் மார்ச்சோடு சரி. நிரந்தர உத்தரவுகூடத் தட்டச்சாகி இயக்குநர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

டிசம்பர் பத்தாம் தேதி காகிதங்களை என்னிடம் கொடுத்தார். ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் ஐந்து வாரம் வைத்திருந்து காற்புள்ளிகளைச் சரிபார்த்தேன். அப்போதுதான், இவ்வளவு நல்ல விஷயத்தை ஒரு கம்பெனிக்குள் அடைத்து வைப்பது ஏழை விவசாயிக்குச் செய்யும் அநியாயம் அல்லவா என்று எனக்குத் தோன்றியது. பதினாறு வருடச் சர்வீஸில் அப்படித் தோன்றியது அதுவே முதல் தடவை.

ஜனவரி பதினேழு எங்கள் பங்குக் கோயிலில் அந்தோணியார் திருவிழா. மலர்க் குழுவுக்கு நான்தான் செயலாளர். அந்த வருடம் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் தராமல் கைவிட்டதால் அரைப் பக்கம் காலியாக நின்றது. வாசகர்கள் துணுக்குகள் போடுவதற்குக் கோயில் வாசலில் ஒரு பெட்டி உண்டு. அதில் பெயர் போடாமல் தட்டச்சு செய்த ஒரு சீட்டை நானே போட்டேன். திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நான்கு பேர் பார்க்க நானே திறந்து எடுத்தேன். "தக்காளி கெடாமலிருக்க ஒரு வீட்டுக் குறிப்பு." அளவுகள் ஒரு கிராம் பிசகாமல் அச்சாகின. முந்நூறு பிரதி. விவசாயி யாரும் படித்ததாகத் தெரியவில்லை. திருவிழா மலரில் எல்லோரும் அவரவர் குடும்பப் போட்டோவைத்தானே தேடுகிறார்கள்.

ஆகவே திருவிழா முடிந்த திங்கட்கிழமை நானே மலரை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். அந்த அரைப் பக்கத்தை விரித்துக் காட்டி, அச்சில் வந்துவிட்டது, இனி காப்புரிமை கிடையாது என்றேன்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். சட்டம் தெரிந்தவன் என்று என்னையும் அதில் போட்டார்கள். முத்துச்சாமி வந்து, "அந்தப் புள்ள எங்கிட்ட வாயே தொறக்கலீங்க. பாட்டல்ல என்ன இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க" என்றார். அறிவுச்செல்விக்கு உதவுவதாக நினைத்து அவர் சொன்ன உண்மை அது. அளவு தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று ஆகிவிட்டது. அறிவுச்செல்வி வாடகைக்கு இருந்ததோ எங்கள் கோயில் தெருவில். நான் மலர்க் குழுவில் இருப்பதையும், சீட்டு பெட்டியில் கிடந்ததையும் நானே முன்வந்து சொன்னேன். என் நேர்மையைப் பாராட்டினார்கள். பூட்டைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? அந்த வகையில் அவர் வைத்த பெயர் எனக்குப் பிரயோஜனமாகத்தான் இருந்தது.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அறிக்கையை நானே எழுதினேன். "பேச்சில் கட்டுப்பாடு இல்லாதவர்" என்ற வரி என்னுடையது. கம்பெனி கைமாற்றம் ஏதுமில்லாமல் தானே தயாரிக்க ஆரம்பித்தது. நிரந்தர உத்தரவைக் கிழித்துப் போட்டார்கள். அறிவுச்செல்வியை அதன் பிறகு எந்த ஆய்வகத்திலும் சேர்த்துக்கொள்ளவில்லை. விசாரித்துக் கடிதம் எழுதியவர்களுக்கெல்லாம் நான் அறிக்கையின் நகலை ஒழுங்காக அனுப்பி வைத்தேன்.

மார்ச் முப்பத்தொன்று சாயங்காலம் ஆய்வகச் சாவியை ஒப்படைக்க என் மேசைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது.

"சார், சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லலீங்க. நீங்களாச்சும் நம்புறீங்களா?"

"நம்புறேம்மா" என்றேன்.

அது பொய் இல்லை. அவரை என்னளவுக்கு நம்பியவர்கள் இந்த மையத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

அந்தப் பட்டப்பெயருக்காகத்தான் இதைச் செய்தேன் என்று உங்களில் யாராவது நினைத்தால் அது தப்பு. அதை நான் பொருட்படுத்தியதே கிடையாது. அவர் சாவியை மேசைமேல் வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, "போயிட்டு வர்றேனுங்க சார்" என்றார். வெறும் சார். அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் அது நாற்பத்திரண்டாவது தடவையாக இருந்திருக்கும்.