குடும்பச் சூழ்நிலை என்ற கட்டம்

என் பெயர் ஷைனி. வயது 34. கணவர் பெயர் எட்வர்ட். கவரைப்பேட்டை, பள்ளிக்கூடத் தெருவில் குடியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியின் அலுவலகத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். அதே கம்பெனியில் மெஷின் வேலை செய்யும் கன்னியம்மா கொடுத்த புகாரின் பேரில் தொழிலாளர் துறை அலுவலர் என்னை அழைத்து விசாரிக்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன்.

இந்த ஆண்டு ஜூன் மாதம் முதல் எங்கள் கம்பெனியில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதை ஒரு கம்ப்யூட்டர் மென்பொருளே ஆளுக்கு ஆள் தனித்தனியாக முடிவு செய்தது. அதற்காக, என்னையும் சேர்த்து எல்லோருடைய விவரங்களையும் ஏற்றும் வேலையை மேலாளர் பூவராகவன் என்னிடம் கொடுத்தார். வயது, அனுபவம், வீட்டுத் தூரம் இவற்றோடு ‘குடும்பச் சூழ்நிலை’ என்று ஒரு கட்டம் இருந்தது. கஷ்டப்படுகிறவர்களுக்குக் கூட்டிக் கொடுக்கத்தான் அதைக் கேட்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், தங்கள் வீட்டுக் கஷ்டங்களுக்காக ஜெபிக்கக் கேட்டுப் பெண்கள் சொல்லும் ஜெபக்குறிப்புகளை நோட்டில் எழுதுவது நான்தான். கம்பெனிப் பெண்களில் பதினோரு பேர் அங்கே வருகிறவர்கள். அந்த நோட்டைக் கைப்பையில் எடுத்துப்போய், அதைப் பார்த்து அவர்களுடைய கட்டங்களை நிரப்பினேன். கன்னியம்மாவின் கட்டத்தில், கணவர் தேசப்பனுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், வேறு வருமானம் இல்லை என்று போட்டேன். நல்லது செய்கிறோம் என்ற சந்தோஷத்தோடுதான் போட்டேன்.

அதன் பிறகு வந்த மாதம் அந்தப் பதினோரு பேருக்கும் கூலி குறைந்திருந்தது. கன்னியம்மாவும் செல்வியும் ஒரே மெஷினில் எதிரெதிரே நிற்பவர்கள். செல்வி எங்கள் சபைக்கு வராதவர், அவருடைய கட்டம் காலியாக இருந்தது. செல்வியைவிடக் கன்னியம்மாவுக்கு நாளொன்றுக்கு எழுபது ரூபாய் குறைவு. நான் ஏதோ தப்பாக ஏற்றிவிட்டேன் என்று பயந்து மேலாளரிடம் கேட்டதற்கு அவர், “இவங்கல்லாம் வேலைய வுட்டு எங்கம்மா போவப் போறாங்க? போற ஆளுக்குத்தான் ஏத்திக் குடுத்து நிறுத்தணும். அதுக்குத்தான் அந்தக் கட்டமே” என்றார். எழுதியதை அழித்துவிடட்டுமா என்று நான் கேட்கவில்லை. என் வேலை போய்விடும் என்று பயந்து என் இடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு கன்னியம்மா கேன்டீனில் என்னிடம், “இன்னாம்மா ஷைனி இது, அவளும் நானும் ஒரே வேலதான செய்றோம்?” என்று கேட்டார். நான், “அது கம்ப்யூட்டர் போடறது, அக்கா. என் கையில இன்னா கீது?” என்றேன். அவர் அதை நம்பி, அடுத்த ஞாயிறு தனக்குக் கூலி கூட வேண்டும் என்று ஜெபக்குறிப்புச் சொன்னார். அதையும் நான்தான் எழுதினேன். தலை நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை. செப்டம்பரில், ஆட்டோவுக்குக் காசில்லாமல் தேசப்பன் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகவில்லை. இப்போது சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறலோடு கிடக்கிறார்.

என்னுடைய கட்டத்தில் என்ன எழுதினேன் என்று கேட்டதற்குச் சொல்கிறேன். எட்வர்ட்டுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. தெரிந்தால் அவமானம் என்று சபையிலும் சொல்லவில்லை, கட்டத்திலும் எழுதவில்லை. ஜூலையில் எனக்குச் சம்பளம் ஏறியது. வாங்கிக்கொண்டேன்.

மேலே கண்டதை அலுவலர் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. ஜெப நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

(ஒப்பம்) எ. ஷைனி