முதல் கரண்டி

இரவு ஏழே முக்கால். பெரியாற்றங்கரையில், இடிந்த கோட்டையிலிருந்து படகுத்துறைக்கு வரும் ஒற்றையடிப் பாதை. ஆளில்லை... விளக்கும் இல்லை. முந்தானைக்குள் ஒரு மண்சட்டியை மறைத்துக்கொண்டு இசக்கிசெல்வி நடந்தாள். நம் அலுவலகத்து ரமேஷ்பாபுவுக்கு அவள் மச்சினி. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நாளை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கொச்சி மட்டாஞ்சேரியில், வெளியூர்க்காரர்கள் தங்கும் வீடொன்றில் அவள் சமையல்காரி. பதினோரு ஆண்டுகளாக அவளுடைய மீன்கறிக்குத்தான் பேர். பிறகு அடுத்த சந்துக்குச் சுனிதா குடிவந்தாள். விருந்தினரைப் படகில் அழைத்துப்போய்க் கோட்டையைச் சுற்றிக்காட்டி, அங்கேயே அடுப்பு மூட்டிக் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் பரிமாறினாள். திரும்பியவர்கள் இசக்கிசெல்வியின் கறியைப் பாதியில் ஒதுக்கிவிட்டுச் சுனிதாவின் கறியைப் பற்றிப் பேசினார்கள். அதுவும் அவள் காதுபட.

பொறுக்காமல் ஒருநாள் அவளும் போய்ப் பார்த்தாள். அதே குடம்புளி, அதே கரிமீன். சட்டிதான் வேறு, கோட்டைச் சுவரின் மாடத்திலிருந்து சுனிதா எடுத்த, கன்னங்கரிய சட்டி. முதல் கரண்டிக் கறியை இலையில் ஊற்றி அந்த மாடத்தில் வைத்த பிறகே சுனிதா மற்றவர்க்குப் பரிமாறினாள். இடக்கையை மூடியபடியே வேலை செய்தாள். இரண்டும் விருந்தினரை மயக்கும் பகட்டு என்று இசக்கிசெல்வி முடிவுகட்டினாள். மறுநாள் மாலை தனியே போய், அந்தச் சட்டியைத்தான் முந்தானைக்குள் மறைத்து எடுத்துவந்தாள்.

அன்றிரவே கறி கொதித்தது. எந்தச் சமையல்காரியும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். முதல் கரண்டியில் கொஞ்சம் இடது உள்ளங்கையில் விட்டு, நக்கி, உப்புப் பார்த்தாள். அப்படியொரு ருசியை அவள் அறிந்ததில்லை.

நடுநிசியில்... சளப்... சளப்... ஆற்றுச் சேற்றின் வாடை. அவளுடைய இடது உள்ளங்கையைச் சில்லிட்ட, சொரசொரப்பான நாக்கு ஒன்று நக்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டாள். யாருமில்லை. கை மட்டும் நனைந்திருந்தது.

விருந்தினர் திரண்டு வந்தார்கள். இரவுதோறும் நாக்கும் வந்தது. முதல் கரண்டியை இலையில் ஊற்றிச் சன்னலில் வைத்துப் பார்த்தாள். விடியும்வரை அது தொடப்படாமல் ஆறிக்கிடந்தது. மூன்றாம் மாதம், ரேஷன் கடை இயந்திரம் அவளுடைய இடக்கை விரல் எதையும் ஏற்கவில்லை. வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு ரேகைகூட இல்லை. தேய்ந்த சோப்பைப் போல் வழவழவென்றிருந்தது.

கணவன் மாரிச்செல்வம், "ஏட்டி, எடுத்த எடத்துலயே வச்சிட்டு வந்துரு" என்றான்.

பையில் போட்டுக் கொண்டுபோனாள். சுனிதா அங்கே புதுச் சட்டியில் சமைத்துக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள், திட்டவில்லை. மூடியிருந்த இடக்கையை விரித்துக் காட்டினாள். அதிலும் ரேகை இல்லை.

"எனக்கு வேண்டா, சேச்சி. மாடத்துல வச்சேக்கு."

இசக்கிசெல்வி சட்டியை வெளியே எடுத்தாள். அந்நேரம் பார்த்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், இப்படியொரு கறியைக் கொச்சியில் எங்குமே தின்றதில்லை என்றார். புதுச் சட்டிக் கறியை.

சட்டி மறுபடியும் பைக்குள் போயிற்று.

போன வெள்ளிக்கிழமை ரமேஷ்பாபு அவள் வீட்டில் தங்கினார். நடுநிசியில் அடுக்களையிலிருந்து அதே ஓசை... சளப்... சளப்... எழுந்துபோய்க் கதவிடுக்கில் பார்த்தார். அவள் தூங்கவில்லை. சட்டியருகே உட்கார்ந்து, ரேகை மிச்சமிருந்த வலக்கையை நன்றாக விரித்து, இருட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தாள்.