மான்டாவின் வலது சீட்

மைலேஜ் எவ்வளவு என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நீங்களும் அதையே முதல் கேள்வியாகப் போட்டிருக்கிறீர்கள். லிட்டருக்கு ஒன்பது. சந்திரகிரி இறக்கத்தில் பத்து. அதற்கு மேல் யாராவது சொன்னால் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார் என்று அர்த்தம்.

செங்கல்வராயன் ஐயா, உங்கள் பழைய கார் பிரியர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டீர்களே, அதற்குச் சந்தோஷம். குடிபாலா பாபு என்றால் பேட்டரி மாற்றுகிறவன் என்றுதான் சித்தூரில் பாதிப் பேருக்குத் தெரியும். மான்டா பற்றி என்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது உங்களுக்கு மட்டும்தான். அதனால் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். அச்சில் எதைப் போடுவது, எதை விடுவது என்பது உங்கள் இஷ்டம்.

ஓபல் மான்டா, 1972 மாடல். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, பின்னால் நான்கு வட்ட விளக்கு, நல்ல ஆரஞ்சு நிறம். ஜெர்மன் கார் என்றால் நம் ஆட்களுக்குப் பென்ஸ் தெரியும், இல்லாவிட்டால் ஆமை முதுகு வோக்ஸ்வாகன் தெரியும். மான்டாவைச் சீந்த ஆளில்லை. போன வருஷம் உங்கள் கண்காட்சிக்கு அதை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன் அல்லவா, ஒரு பெங்களூர்க்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இது என்ன, கான்டெஸாவை வெட்டிச் செய்ததா?’ என்றார். மனிதர் பத்து லட்சம் கொடுத்து ஒரு கார் வாங்கிவிட்டு அதன் டிக்கியை எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாமல் நின்றார். நான் சிரித்து வைத்தேன்.

வண்டி என்னுடையதில்லை. லக்ஷ்மிநரசிம்மன் சாமியுடையது. திருப்பதியில் தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கைங்கர்யம் செய்யும் குடும்பம். இவர் ஒருத்தர் மட்டும் இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஜெர்மனிக்குப் போனார். எட்டு வருஷம் கழித்து, எண்பத்தொன்றில், இங்கே ஒரு சர்க்கரை ஆலையில் வேலைக்குத் திரும்பியபோது மெட்ராஸ் துறைமுகத்தில் அவரோடு இதுவும் இறங்கியது. முன்பக்கம் ஒரு திருக்கை மீன் முத்திரை இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஐயங்கார் வீட்டு வாசலில் மீன் போட்ட வண்டியா என்று அவருடைய வீட்டம்மா யதுகிரி மாமி முகத்தைச் சுளித்தாராம். ‘மச்சாவதாரம்டி, சேவிச்சுக்கோ’ என்றாராம் சாமி. அப்படிப்பட்ட மனிதர். நான் அந்த ஆலையின் வண்டி ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயது.

இப்போது முக்கியமான விஷயம். ஜெர்மனியில் ஸ்டீயரிங் இடது பக்கம். நம் ஊரில் வலது பக்கம். நம் ரோட்டில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டினால், முன்னால் போகும் லாரியின் முதுகைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. ஒதுங்கி எட்டிப் பார்க்கலாம் என்றால் பாதி வண்டி எதிர்ப்பாதைக்குப் போன பிறகுதான் பார்வையே கிடைக்கும். ஆகவே வலது பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆள் நான்.

சாமி வாரம் முழுக்கச் சித்தூரில் தங்குவார். சனிக்கிழமை காலையில் திருப்பதி வீட்டுக்குப் புறப்படுவார், ஞாயிறு மாலை திரும்புவார். போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. கரும்பு சீசனில் ரோடு முழுக்க லாரி. எனக்கு இரண்டே வசனம். ‘இரு சாமி’, ‘போலாம் சாமி’. அவ்வளவுதான். நான் ‘போ’ என்று வாயைத் திறக்கும்போதே அங்கே கியர் விழும். ஒரு சின்னக் கண்ணாடி பொருத்திக்கொள்ளலாமே என்று ஒருமுறை யாரோ சொன்னதற்கு, ‘பாபு இருக்கறச்சே கண்ணாடி எதுக்கு?’ என்றார். என் காதில் விழுந்தது. எனக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் யாரும் தரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். நம் ஊர்க்காரன் கண்ணுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருப்பவன்தான் டிரைவர். வைகாசியில் காஞ்சிபுரம் கருடசேவைக்குப் போகும்போது மான்டா எங்கள் குடிபாலா வழியாகப் போகும். தாழ்ந்த வண்டி, வேகமான வண்டி. ரோட்டோரம் நிற்கிறவர்களுக்கு என் முகமும் ஜன்னலில் வைத்த என் முழங்கையும்தான் தெரியும். எங்கள் நைனா ஏகாம்பரம் ஆயுசு முழுக்க ஒரு பெரிய வீட்டு நிலத்தில் கூலிக்கு உழுதவர். அந்த வீட்டுப் பெரியவர் ஒருநாள் ரோட்டை விட்டு இறங்கி நின்று எனக்குக் கையைத் தூக்கினார். நைனா வரப்பில் நின்று பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனபோது, ‘இன்னாடா பாபு, பாரின் காரு ஓட்டிக்கினு போறியாமே. ஊரே பேசிக்கினு கீது’ என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் மறுக்கவில்லை. பிறகு மறுக்கச் சந்தர்ப்பமும் வரவில்லை. இருபது வருஷம் அப்படியே போய்விட்டது.

தொண்ணூற்று நான்கில் குவைத்துக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் கிளம்பினார். எனக்கும் விசா வந்தது. என் மனைவி கலைவாணி பெட்டிகூட வாங்கிவிட்டாள். நான் போகவில்லை. ‘அந்தாளு சீட்ட விட்டா உனுக்குப் பூமியில வேற எடமே கெடையாதா?’ என்று கேட்டாள். கோபக்காரி. சாமியைச் சனிக்கிழமைகளில் தனியாக எப்படி விடுவது என்றேன். அப்போது போனவர்கள் எல்லாம் இப்போது மாடி வீடு கட்டிவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை.

அடுத்த கேள்வி, பாகங்கள் கிடைக்கின்றனவா என்பது. முன்பெல்லாம் குதிரைக்கொம்பு. சிலம்பம் மாதிரி சுற்றிச் சுற்றி எதையாவது பொருத்துவோம், அம்பாசிடர் புஷ், ஜீப் ரப்பர். இப்போது கவலையில்லை. என் அக்கா மகன் பவன்குமார் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஜெர்மனியில் வேலையில் இருக்கிறான். அங்கே மான்டாவுக்கென்றே சங்கம் இருக்கிறதாம். சொன்னால் அனுப்பிவைப்பான். இடது கதவு அப்படி வந்ததுதான். 2001 டிசம்பரில் சொன்னேன், பிப்ரவரியில் பார்சல் வந்தது. இடது கதவு மட்டும். வலது கதவு நன்றாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் அப்போது இடதும் நன்றாகத்தான் இருந்தது.

அந்த டிசம்பரில் நடந்தது இது. சாமியின் மகன் ஸ்ரீகிருஷ்ணா அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்தான். நல்ல பையன், சாப்ட்வேர். எங்களோடு ஒருமுறை பின் சீட்டில் வந்தான். பூதலப்பட்டு தாண்டி நான் ‘போலாம் சாமி’ என்றதும் கண்ணை மூடிக்கொண்டான். இறங்கியதும், ‘அப்பா, ஒருத்தர் கையும் இன்னொருத்தர் கண்ணுமா எத்தனை நாளைக்கு? ஸ்டீயரிங்கை மாத்திடுங்கோ’ என்றான். அவ்வளவுதான், அப்பாவுக்கும் அது பிடித்துப்போய்விட்டது. வேலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பையும் விசாரித்துவிட்டார். மார்ச் நான்காம் தேதி, திங்கட்கிழமை வண்டியை விட வேண்டும் என்று ஏற்பாடு.

எனக்கு அதை ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னார். ‘வலப்பக்கம் மாத்தித் தராளாம் பாபு. இனிமே உனக்கும் சிரமம் இல்லே. சனிக்கிழமை பிள்ளை குட்டிகளோட இரு’ என்றார். டேஷ்போர்டை அறுக்க வேண்டுமே, ஸ்டீயரிங் பெட்டியை இடம் மாற்ற வேண்டுமே, கம்பெனி வைத்ததை வைத்த இடத்தில் விடுவதுதானே மரியாதை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ‘இரும்புதானே’ என்று சிரித்தார். அப்போ நான் எங்கே உட்காரணும் சாமி என்று கேட்டேன். ‘பக்கத்துல உக்காரு, பின்னாடி உக்காரு. எங்க உக்காந்தா என்னப்பா?’ என்றார். அவர் மனதில் ஒரு கள்ளமும் கிடையாது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

உங்களுக்குப் புரியும். நீங்கள் கார் பிரியர். முப்பது வருஷம் கெடாமல் இருந்த வண்டியைக் கத்தி வைத்து அறுப்பதை நீங்களும் பொறுக்க மாட்டீர்கள். சீட்டுக்காக என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீட் என்ன பெரிய சீட். ரெக்ஸின் கிழிந்து நானே மூன்று தடவை தைத்தது.

மறக்க முடியாத பயணம் எது என்று மூன்றாவதாகக் கேட்டிருக்கிறீர்கள். 2002 மார்ச் இரண்டு, சனிக்கிழமை. இதைச் சொல்வதற்கு முன் சாமியின் ஒரு பழக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஓவர்டேக் செய்யும்போது எதிரே வண்டி வந்துவிட்டால் மற்றவர்கள் பிரேக் அடித்துப் பின்வாங்குவார்கள். அவர் வாங்க மாட்டார். வலது பக்கம் மண்ணில் இறக்கிவிடுவார். எண்பத்தாறில் ஒருமுறை, தொண்ணூற்று மூன்றில் ஒருமுறை, இரண்டும் என் கணக்குத் தப்பு. அப்படி இறங்கும்போது எதிரே வரும் வண்டிக்கு முகம் கொடுப்பது நம் இடது பக்கம். இரண்டாவது தடவை நானே சொன்னேன், ‘ஒரு முழம் கொறஞ்சிருந்தா உங்க பக்கம் போயிருக்கும் சாமி’ என்று. ‘உன் பக்கம் தப்பிச்சுருக்குமோல்லியோ, அது போறும்’ என்றார்.

காலை எட்டு மணி இருக்கும். நல்ல வெயில். முன்னால் கரும்பு லாரி, இரு பக்கமும் பிதுங்கிக்கொண்டு. சாமி உற்சாகமாக இருந்தார், பழைய டிரைவிங்குக்கு இன்றுதான் கடைசிச் சனிக்கிழமை என்றார். நான் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தேன். எதிரே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நெற்றியில் ‘வெங்கடலட்சுமி’ என்று தெலுங்கில் எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் தாமரைப் பூ. ‘போலாம் சாமி’ என்றேன்.

அவர் கேட்டதும் போனார். பிறகு வழக்கம்போல வலது பக்கம் இறக்கினார். எனக்கு நெற்றியில் நான்கு தையல்.

சாமிக்கு உடனே உயிர் போகவில்லை. என் பக்கம் திரும்பி, ‘உனக்கு ஒண்ணும் ஆகலியே பாபு?’ என்றார். இல்லை சாமி என்றேன். ‘நல்லது’ என்றார். அதைத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அவருக்கே என்மேல் ஒரு குறையும் இருக்கவில்லை.

போலீஸ்காரர் வந்தார். வலது பக்கம் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் நோட்டை எடுத்தார். ‘நுவ்வேனா டிரைவரு?’ என்று கேட்டார். நீதானே டிரைவர் என்கிறார். இல்லை, எனக்கு ஓட்டவே தெரியாது என்றேன். இருபது வருஷத்தில் அந்த உண்மையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. குடிபாலாக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

எதிர் லாரியை ஓட்டியவர் எத்திராஜ் என்று கார்வேட்டிநகரத்துக்காரர். அமைதியான மனிதர். கோர்ட்டில் அவர் வேகமாக வந்தார் என்று சொன்னேன். வேகமாகத்தான் வந்தார், அதில் பொய் இல்லை. ஒரு வருஷம் போட்டார்கள். வெளியே வந்தபிறகு லாரி ஓட்டுவதை விட்டுவிட்டார் என்று கேள்வி. வீட்டில் கலைவாணி ஒரே ஒரு தடவை கேட்டாள், ‘எதுர வந்தத நீ பாக்கலியா?’ என்று. வெயில் கண்ணில் அடித்தது என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னோடு வேறு பேச்சும் அதிகம் இல்லை.

பதிமூன்றாம் நாள் முடிந்து மாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பயந்துகொண்டுதான் போனேன். ‘அந்த வண்டியை நீயே எடுத்துண்டு போப்பா. எங்காத்துல யாரும் அதைப் பார்க்க வேண்டாம். அவருக்குக் கண்ணா இருந்தே. உனக்குத்தான் சேரணும்’ என்று சாவியைக் கையில் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது. மாமியும் அழுதார். இப்போதும் தீபாவளிக்கு வேட்டி அனுப்புகிறார்.

தட்டி நிமிர்த்த ஐந்து வருஷம் பிடித்தது. கதவு தயாராக இருந்ததால் பாதி வேலை மிச்சம். இன்று வண்டியில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. ஸ்டீயரிங் கம்பெனி வைத்த இடத்தில், இடது பக்கத்தில் இருக்கிறது. சித்தூர், திருப்பதி இரண்டு ஊரிலும் யாரும் கத்தி வைக்காத ஒரே ஜெர்மன் வண்டி இதுதான் என்று நீங்கள் தைரியமாக அச்சடிக்கலாம். சாமி இருந்திருந்தால் அறுத்திருப்பார். அவரிடமிருந்து அதைக் காப்பாற்ற என்னை விட்டால் யார் இருந்தார்கள், சொல்லுங்கள்.

நான் டிரைவிங் கற்றுக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டைத் திறந்து, வண்டியைத் துடைத்துவிட்டு, வலது சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். ஓடாமல் நிற்பது இன்ஜினுக்கு நல்லதில்லை என்று உங்களுக்கே தெரியும். ஓட்டிப் பார்க்க இரண்டு பேரைக் கூப்பிட்டேன். இடது கை ஸ்டீயரிங் என்றதும் பயந்துவிட்டார்கள்.

மலரின் அட்டைக்கு மான்டா ரோட்டில் ஓடுகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனை. வருகிற சனிக்கிழமை காலையில் வாருங்கள், நீங்களே ஓட்டுங்கள். குடிபாலா வழியாகப் போகலாம். பழக்கமில்லையே என்று யோசிக்க வேண்டாம். எதிரே என்ன வருகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.